அவிழ்ந்த முடிச்சு

1974இல் தூத்துக்குடி பீச் ரோட்டில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில், கடல் கிளைம் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தேன். சேர்ந்த முதல் வாரமே நான் தட்டச்சு செய்த கடிதம் ஒன்று சிவப்பு மை வட்டத்தோடு என் மேசைக்குத் திரும்பி வந்தது. இழப்பதைச் சொல்லும் ‘லூஸ்’ என்ற ஆங்கில வினைக்கு ஒரு ‘ஓ’ போதும். நான் இரண்டு ‘ஓ’ போட்டிருந்தேன். இரண்டு போட்டால் அது தொளதொளத்த சட்டைக்குச் சொல்கிற ‘லூஸ்’. கப்பல் சரக்கை இழக்கும் என்று இருக்க வேண்டிய இடத்தில், சரக்கைத் தளர்த்தும் என்று நின்றது. மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார்: “தம்பி, இந்த வேலையில நாம விக்கிறதே அந்த ஒரு சொல்லைத்தான். அதைச் சரியா எழுதப் பழகு.”

பழகினேன். முப்பத்தைந்து ஆண்டு அந்தச் சொல்லையும் அதன் பெயர்ச்சொல்லான ‘லாஸ்’ என்பதையும் எழுதித்தான் குடும்பம் நடத்தினேன். டோட்டல் லாஸ், பார்ஷியல் லாஸ், லாஸ் ரிப்போர்ட் என்று கோப்பு கோப்பாக எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகு, கையில் நேரம் இருந்ததால், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அகராதிகளைப் புரட்ட ஆரம்பித்தேன். அன்று தெரிந்துகொண்டதை இன்று வரை நினைத்து நினைத்து வியக்கிறேன். நான் தவறாகத் தட்டிய சொல்லும் சரியான சொல்லும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். தமிழ் எழுத்தில் இரண்டையும் ஒரே மாதிரி ‘லூஸ்’ என்று எழுதுகிறோமே, அதற்கு நம்மை அறியாமலே ஒரு நியாயம் இருக்கிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் ‘லோசியன்’ என்று ஒரு வினை இருந்தது. அழிந்துபோவது, இல்லாமல் போவது என்று பொருள். அதற்குரிய பெயர்ச்சொல் ‘லொஸ்’. அதற்கு நாசம், அழிவு என்று பொருள். பேரேட்டில் கழித்துக் காட்டுகிற தொகைக்கு அந்தச் சொல் வெகு காலம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. இன்றைய ‘லாஸ்’ 14ஆம் நூற்றாண்டு வாக்கில், ‘தொலைந்த’ என்று பொருள்படும் ‘லாஸ்ட்’ என்ற எச்சத்திலிருந்து புதிதாகக் கிளைத்திருக்கலாம் என்பது அகராதிக்காரர்கள் கருத்து. அப்போது அதன் கடுமை தணிந்து, அழிவு குறைவாயிற்று.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது இலக்கணம்தான். அந்தப் பழைய வினைக்கு எழுவாய், தொலைந்த பொருளே. ஆடு தொலைந்தது, கத்தி தொலைந்தது என்று பேசினார்கள். யாருக்குத் தொலைந்ததோ அவரை நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிறுத்தினார்கள். நம் வீட்டில் இன்றும் அப்படித்தான் பேசுகிறோம். “சாவி தொலைஞ்சு போச்சு” என்போம். “நான் சாவியைத் தொலைத்தேன்” என்று ஒருவர் வாயில் வந்தால் அது குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி ஒலிக்கும். ஆங்கிலத்தில் 1200ஐ ஒட்டி இந்த அமைப்பு புரண்டது. இழந்த ஆள் எழுவாயானான், பொருள் செயப்படுபொருளாயிற்று. 16ஆம் நூற்றாண்டில் ஆட்டத்திலும் போரிலும் தோற்பதற்கும் அதே சொல்லைச் சொல்லலானார்கள். வழி தவறுவது, நெஞ்சு தளர்வது, முடி உதிர்வது, பிள்ளையைப் பறிகொடுப்பது என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வினை போதுமென்றாயிற்று.

பழைய ஆங்கிலத்தில் இதற்கு மூத்த வினை ஒன்றும் இருந்தது. ‘லேயோசன்’ என்பது அது. பின்னாளில் அது ‘லீஸ்’ என்று தேய்ந்து, சில நூற்றாண்டுகள் ‘லூஸ்’ உடன் கூடவே புழங்கியது. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னரின் ஆங்கில பைபிள் மொழிபெயர்ப்பில், முதலாம் இராஜாக்கள் நூலின் 18ஆம் அதிகாரத்தில், பஞ்ச காலத்தில் கால்நடைகள் சாகாமல் காப்பதற்காகப் புல் தேடிப் புறப்படுகிற இடத்தில் அந்தப் பழைய வடிவம் அச்சாகியிருந்தது. பிற்காலப் பதிப்புகளில் அதை நீக்கி ‘லூஸ்’ போட்டுவிட்டார்கள். சொல் செத்துப்போனாலும், அதன் ஒலி பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டது. எழுத்தைப் பார்த்தால் ‘ரோஸ்’ போல ‘லோஸ்’ என்று சொல்ல வேண்டியதை ‘லூஸ்’ என்று நீட்டிச் சொல்வதற்கு இந்தச் சொந்தக்காரச் சொற்களின் சேர்க்கைதான் காரணம் என்கிறார்கள்.

இந்தக் குடும்பம் முழுவதற்கும் அடியில் கிடக்கிற வேர், ஐரோப்பிய மொழிகளுக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொதுவான ‘லெயு’ என்பது. அவிழ்ப்பது, தளர்த்துவது, அறுத்துப் பிரிப்பது என்று அதற்குப் பொருள். கிரேக்கத்தில் அது ‘அனாலிசிஸ்’ ஆயிற்று. சிக்கலை அவிழ்த்துப் பார்ப்பது என்பதே அதன் கருத்து. உடலின் ஒரு பக்கம் கட்டு விட்டுப்போகிற ‘பாராலிசிஸ்’ என்ற சொல்லிலும் அதே வேர்தான். லத்தீனில் ‘சால்வ்’, ‘டிசால்வ்’ போன்றவற்றுக்கு அதுவே தாய். கடனைக் கட்டி அவிழ்க்க முடியாதவனே ‘இன்சால்வன்ட்’. சமஸ்கிருதத்தில் ‘லூ’ என்றால் அறுப்பது, ‘லவித்ரம்’ என்றால் அரிவாள், ‘லவம்’ என்றால் அறுத்தெடுத்த சிறு துண்டு. அந்த ‘லவம்’ தமிழுக்குள் வந்து ‘லவலேசம்’ என்ற சொல்லில் உட்கார்ந்திருக்கிறது. “லவலேசமும் நட்டமில்லை” என்று எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் சொல்வார். ஆங்கில இழப்புச் சொல்லின் தூரத்து உறவையும் நட்டத்தையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

தளர்வைக் குறிக்கும் ‘லூஸ்’ இங்கிலாந்துக்குள் வந்தது கடல் வழியாக. 9ஆம் நூற்றாண்டில் டென்மார்க் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியமர்ந்தவர்கள் ‘லவுஸ்’ என்ற தங்கள் சொல்லைக் கொண்டுவந்தார்கள். கட்டு இல்லாதது என்று பொருள். அதே சொல்லின் ஆங்கில வடிவம், ‘லேயஸ்’ என்று, அங்கே ஏற்கெனவே இருந்தது. அது தனியாக நிற்க முடியாமல் மற்றச் சொற்களின் வாலில் ஒட்டிக்கொண்டு பிழைத்தது. ‘ஹோம்லெஸ்’, ‘யூஸ்லெஸ்’, நாம் அன்றாடம் சொல்லும் ‘வயர்லெஸ்’ எல்லாவற்றிலும் கடைசியில் நிற்பது அதுதான். குறைவு என்று பொருள்படும் ‘லெஸ்’ என்றே நானும் வெகு நாள் நினைத்திருந்தேன். அது வேறு சொல். வீடில்லாதவனைச் சொல்லும்போது ஆங்கிலம் அவனுக்கு வீடு குறைவு என்று சொல்லவில்லை. வீட்டிலிருந்து அவிழ்ந்துபோனவன் என்று சொல்கிறது.

இந்த உறவுகளை நாலு பேர் படிக்கும்படி அச்சில் கொண்டுவந்தவர்களில் ஒருவரை நான் மனத்தளவில் என் சக ஊழியராகவே நினைக்கிறேன். ஆக்ஸ்போர்டு அகராதியில் ‘எல்’ எழுத்துப் பகுதியைத் தொகுத்தவர் ஹென்றி பிராட்லி. 1845இல் பிறந்த அவர், ஷெஃபீல்டு நகரில் கத்தி, கரண்டி செய்து விற்கும் வணிக நிறுவனம் ஒன்றில் ஏறத்தாழ இருபது ஆண்டு கடிதம் எழுதும் குமாஸ்தாவாக இருந்தவர். பல்கலைக்கழகம் போகாமலே மொழிகளைத் தாமாகக் கற்றுக்கொண்டார். 1884இல் அகராதியின் முதல் பகுதி வெளிவந்தபோது அவர் எழுதிய மதிப்புரையைப் பார்த்து, அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே அவரை அந்த வேலைக்குள் இழுத்தார். 20ஆம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளில் ‘எல்’ பகுதி வெளிவந்தது. பகலில் சரக்குக் கடிதமும் இரவில் இலக்கணமுமாக இருந்த ஒரு மனிதர் இழப்பின் வரலாற்றைப் பொறுக்கிச் சேர்த்து வைத்தார் என்பது, அதே வேலையில் தலை நரைத்த எனக்கு ஒரு பெருமையைத் தருகிறது.

அந்த மூத்த வினையின் எச்சம் இன்னொரு சொல்லிலும் மிஞ்சியிருக்கிறது. ‘லேயோசன்’ என்பதன் இறந்தகால எச்சத்தில் ‘ச’ ஒலி ‘ர’ ஆகிவிடும். இப்படி ஏன் மாறுகிறது என்பதற்கான விதியை டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் வெர்னர் 1870களில் கண்டு சொன்னார். ‘வாஸ்’, ‘வேர்’ என்ற இரண்டிலும் இதே மாற்றம் தெரியும். அந்த ‘ர’ வடிவந்தான் ‘ஃபர்லார்ன்’. முற்றிலும் கைவிடப்பட்ட, ஆதரவற்ற என்று இன்று பொருள். இந்தச் சொல் வருகிற ‘ஃபர்லார்ன் ஹோப்’ என்ற தொடரை ஆங்கிலம் தெரிந்தவர்கள் ‘நிறைவேறாத நம்பிக்கை’ என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதில் நம்பிக்கை எதுவும் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்துப் போர்களில் பங்கெடுத்த ஆங்கிலேயப் படைவீரர்கள், ‘ஃபர்லோரன் ஹோப்’ என்ற டச்சுத் தொடரைக் காதில் வாங்கிக்கொண்டு வந்தார்கள். டச்சில் ‘ஹோப்’ என்றால் குவியல், கூட்டம். தொலைந்த கூட்டம் என்பதே தொடரின் பொருள். கோட்டைச் சுவரை உடைத்த பிறகு அந்தப் பிளவில் எல்லோருக்கும் முன்னால் ஏறுகிற சிறு அணிக்கு அந்தப் பெயர். திரும்பி வர மாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் அனுப்புவார்கள்.

1799 மே 4ஆம் தேதி பகல் ஒரு மணியளவில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரியைக் கடந்து திப்பு சுல்தானின் கோட்டைமேல் ஆங்கிலப் படை ஏறியபோது, இரண்டு அணிவகுப்புக்கும் முன்னால் இப்படித் ‘தொலைந்த கூட்டம்’ ஒவ்வொன்று போயிற்று. இடப்பக்கத்து அணியோடு போன லெப்டினன்ட் அலெக்சாண்டர் லாரன்ஸ் காயத்தோடு உயிர் பிழைத்தார். அவருடைய பிள்ளைகளில் ஹென்றி 1857இல் லக்னோ முற்றுகையில் இறந்தார். ஜான் 1864இல் வைஸ்ராய் ஆனார். வலப்பக்கத்தில் கிரஹாம் என்ற சார்ஜன்ட் பிளவின் உச்சியில் கொடியை நட்ட கையோடு சுடப்பட்டு விழுந்தார். ஸ்ரீரங்கப்பட்டணம் போகிறவர்கள் திப்பு விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒருமுறை அந்தப் பிளவுக்கு எதிரே ஆற்றின் கல்லில் உட்கார்ந்து பார்த்தேன். கட்டிலிருந்து அவிழ்த்துவிட்ட மனிதர்கள் என்று அந்தச் சொல்லுக்கு வேர் வரைக்கும் ஒரு பொருள் அங்கே தெரிந்தது. அவர்களை இழப்பதற்கு முன்பே அவர்களை அனுப்பியவர்கள் கையை விட்டுவிட்டார்கள்.

அதே 1799இல், அக்டோபர் 9ஆம் தேதி இரவு, ‘லுட்டீன்’ என்ற போர்க்கப்பல் ஹாம்பர்க் வணிகர்களுக்குத் தங்கமும் வெள்ளியும் ஏற்றிக்கொண்டு போகும் வழியில், டச்சுக் கரையோரத் தீவுகளுக்கு அருகே மணல்திட்டில் மோதி மூழ்கியது. கப்பலில் இருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் மாண்டார்கள். அந்தத் தங்கத்துக்குக் காப்பீடு கொடுத்தவர்கள் லண்டன் லாய்ட்ஸ் சந்தைக்காரர்கள். முழுத்தொகையையும் கொடுத்துத் தீர்த்தார்கள். 1858இல் அந்தக் கப்பலின் மணி கடலடியிலிருந்து கிடைத்தது. எடை ஏறத்தாழ 48 கிலோ. அதைக் கொண்டுவந்து லாய்ட்ஸ் கூடத்தில் தொங்கவிட்டார்கள். வர வேண்டிய கப்பல் வராமல் இருந்து, மூழ்கிவிட்டது என்று செய்தி வந்தால் முன்பெல்லாம் மணி ஒருமுறை ஒலிக்கும். பத்திரமாக வந்து சேர்ந்தால் இருமுறை. கூடத்திலுள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்தி தெரிய வேண்டும், முந்தித் தெரிந்தவன் அதை வைத்துக் காசு பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

லாய்ட்ஸ் என்ற பெயரே ஒரு காபிக் கடைக்காரர் பெயர். எட்வர்ட் லாய்ட் 1688 வாக்கில் லண்டன் டவர் தெருவில் கடை நடத்தினார். 1691இல் லம்பார்டு தெருவுக்கு மாறினார். கப்பல்காரர்களும் பணம் போடுகிறவர்களும் அங்கே கூடிப் பேசியதிலிருந்து உலகத்துக் கடல் காப்பீடு வளர்ந்தது. அங்கே ‘லாஸ் புக்’ என்று ஒரு பெரிய பேரேடு உண்டு. 1774இலிருந்து மூழ்கிய கப்பல்களை அதில் பதிந்து வருகிறார்கள், இறகுப் பேனாவால். 1912 ஏப்ரலில் டைட்டானிக் பெயரும் அப்படித்தான் அதில் ஏறியது. கூடத்தில் தாங்கியின் மேல் அது விரித்து வைத்திருக்கும். அந்த ஏட்டில் ‘லாஸ்’ என்ற சொல் மறுபடி தன் பழைய பொருளுக்குத் திரும்பிவிட்டதாக எனக்குத் தோன்றும். அதில் தொகை முக்கியமில்லை. ஒரு கப்பல் இனி இல்லை என்பதே செய்தி.

லாய்ட்ஸ்காரர்கள் 1779இல் நிலைப்படுத்திய பாலிசிப் படிவத்தை இரு நூற்றாண்டு காலம் ஏறத்தாழ மாற்றாமல் வைத்திருந்தார்கள். அதில் ஒரு தொடர், கப்பல் ‘தொலைந்திருந்தாலும் தொலையாதிருந்தாலும்’ காப்பீடு செல்லும் என்கிறது. தந்தியில்லாத காலத்தில், பாலிசி எழுதும் மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே கப்பல் எங்கோ மூழ்கி ஒரு மாதம் ஆகியிருக்கலாம். இரு தரப்புக்கும் தெரியாமல் இருந்தால் போதும், ஒப்பந்தம் செல்லும். இழப்பு நடந்து முடிந்த பின்னும், தெரிகிற வரை நம்மிடம் எல்லாம் இருக்கிறது. இந்த உண்மையை இத்தனை சுருக்கமாக நான் வேறெங்கும் கண்டதில்லை.

இங்கிலாந்தின் 1906 சட்டமும், அதை ஒட்டி வந்த நம்முடைய 1963 கடல் காப்பீட்டுச் சட்டமும் முழு இழப்பை இரண்டாகப் பிரிக்கின்றன. பொருள் அழிந்தே போவது ஒரு வகை. பொருள் இருக்கிறது, ஆனால் மீட்டுச் சீர்செய்யும் செலவு அதன் மதிப்பை மிஞ்சும் என்பது இன்னொரு வகை. இரண்டாவது வகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. சொந்தக்காரர் ‘அபாண்டன்மென்ட் நோட்டீஸ்’ கொடுக்க வேண்டும். இந்தப் பொருளில் எனக்குள்ள உரிமை எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வேண்டும். விட்டால்தான் முழு இழப்பு. விடாதவரைக்கும் அது பகுதி இழப்புதான். அவிழ்ப்பது என்ற அந்தப் பழைய வேரைச் சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அது அங்கே நிற்கிறது.

தமிழ் இந்த ஒரு சொல்லின் வேலையைப் பலருக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. பேனா தொலையும், உறவை இழப்போம், ஆட்டத்தில் தோற்போம், வியாபாரத்தில் நட்டப்படுவோம். தொலைவதும் தொலைவும் ஒரே சொல்லின் பிள்ளைகள். போனது அழியவில்லை, எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது என்கிறது நம் மொழி. நட்டம் சமஸ்கிருத ‘நஷ்டம்’. அது அழிந்தது, காணாமல் போனது. ஆங்கிலத்துப் பழைய ‘லோசியன்’ சொன்னதும் அதையேதான். கோப்பில் நான் ‘லாஸ்’ என்று எழுதியபோதெல்லாம், எதிரே உட்கார்ந்திருந்தவர் இவற்றில் எந்தச் சொல்லை மனத்தில் வைத்துப் பேசினார் என்பதைக் கவனித்திருந்தால், நான் இன்னும் கொஞ்சம் நல்ல எழுத்தராக இருந்திருப்பேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தோணிக்காரர் வந்தார். மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போன அவருடைய தோணி, மன்னார் வளைகுடாவில் பாரில் தட்டி, அடிமரமான ஏரா முறிந்து கிடந்தது. தோணியை ஓட்டிய தண்டலும் ஆள்களும் தப்பிவிட்டார்கள். சர்வேயர் போய்ப் பார்த்து, இழுத்துக்கொண்டு வந்து சீர்செய்வது கட்டுப்படியாகாது என்று எழுதிவிட்டார். பாக்கி இருந்தது அந்த நோட்டீஸ்தான். ஆங்கிலத்தில் தட்டிய தாளை நீட்டி, இதில் கையெழுத்துப் போட்டால் முழுத்தொகையும் வரும் என்றேன்.

“இதுல என்ன தம்பி எழுதியிருக்கு?”

“தோணியை எங்க பேருக்கு விட்டுட்டதா எழுதியிருக்கு அண்ணாச்சி. இனி உங்களுக்கு அதுல பாத்தியதை இல்லைன்னு.”

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அது இன்னும் அங்கதான கெடக்கு. பாய்மரம் நட்டக் குத்தலா நிக்குதுன்னு பசங்க பாத்துட்டு வந்து சொன்னானுவளே. நிக்கிறதை எப்பிடி விட்டுட்டேன்னு எழுதிக் குடுக்க?”

என்னிடம் அதற்குப் பதில் இல்லை. சட்டத்தைத் திரும்பவும் சொன்னேன். அவர் எழுந்து போய்விட்டார். மூன்று நாள் கழித்து வந்தார். வந்தவர் ஒன்றே ஒன்று கேட்டார். கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் முகப்பு அணியத்திலுள்ள பெயர்ப்பலகையை மட்டும் நான் எடுத்துக்கொள்ளலாமா என்று. கையெழுத்துப் போட்டால் முறைப்படி அதுவும் எங்கள் பொருள். மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் மேலிடத்துக்குக் கடிதம் எழுதச் சொன்னார். நானே தட்டினேன், ‘ஓ’க்களை இரண்டு தரம் எண்ணிப் பார்த்து. ஆட்சேபம் இல்லை என்று பதில் வந்தது.

கையெழுத்திட்ட பிறகு ஒரு மாதம் இருக்கும். சாயங்காலம் அலுவலகம் விட்டு இறங்கி வரும்போது வாசலில் அவர் சைக்கிளோடு நின்றார். பின்பக்கக் கேரியரில் அந்தப் பலகை. மாதாவின் பெயர், நீலத்தில் வெள்ளை எழுத்து, உப்பரித்து ஒரு ஓரம் பெயர்ந்திருந்தது. காட்டிவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார். தேங்காய்நார்க் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தார். கிளம்புவதற்கு முன் முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். கொஞ்சம் இளகியிருந்தது போல. சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, முழுவதையும் அவிழ்த்து, மறுபடி இறுக்கிக் கட்டினார்.